ஆங்கில மெயிலில் புள்ளி எங்கே, கமா எங்கே, பெரிய எழுத்து எங்கே?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 33 வயது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. முதலில் பேக்கிங் பகுதியில் கணக்கு பார்த்தேன். போன வருடம் மெர்ச்சண்டைசிங்குக்கு, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் பகுதிக்கு, மாற்றினார்கள். இப்போது வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) நானே மெயில் போட வேண்டும். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேச்சும் ஓரளவு சமாளிக்கிறேன். எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன். “எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் ஒரே மூச்சில் எழுதுகிறாய்” என்கிறார் மேனேஜர். எந்த வார்த்தைக்குப் பெரிய எழுத்து என்ற குழப்பத்தில் இப்போதெல்லாம் முழு மெயிலையும் கேப்பிட்டல் லெட்டரிலேயே அடித்துவிடுகிறேன். கமாவை எங்கே போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கம்ப்யூட்டர் தானாகவே திருத்துகிறதே, அதை நம்பினால் போதாதா? இந்த வயதில் இதை அடியிலிருந்து கற்றுக்கொள்ள முடியுமா?
– பெயர் வெளியிட வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். ஆங்கிலத்தைப் படித்தால் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கஷ்டமான பாதியை அப்போதே தாண்டிவிட்டீர்கள். மீதி இருப்பது சில பழக்கங்கள்தான். பள்ளியில் நாலு கோடு நோட்டில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் அழகாக எழுதப் பழக்கினார்களே தவிர, எதை எப்போது போடுவது என்று உட்கார்ந்து சொல்ல அங்கே நேரம் இருந்திருக்காது. அலுவலகம் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்கள் கேள்வியோடு வருகிறவர்களில் பட்டம் வாங்கியவர்களும், பெரிய பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. அதனால் கூச்சமே வேண்டாம்.

முதலில், முழு மெயிலையும் கேப்பிட்டலில் அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மெயிலில் அப்படி எழுதினால் கத்துவதாகத்தான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் பணிவாகக் கேட்டதுகூட அதட்டலாகப் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய சிக்கல், அர்த்தமே மாறிப்போவது. ஆங்கிலத்தில் ‘எங்களுக்கு’ என்பதற்கான ‘அஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டே எழுத்து. யு, எஸ். அமெரிக்காவின் சுருக்கமும் அதே இரண்டு எழுத்துதான். சின்ன எழுத்தில் இருந்தால் எங்களுக்கு, பெரிய எழுத்தில் இருந்தால் அமெரிக்கா. ‘சாம்பிளை எங்களுக்கு அனுப்புங்கள்’ என்று முழுக்க கேப்பிட்டலில் எழுதிப் பாருங்கள். பெட்டி திருப்பூருக்கு வருமா, நியூயார்க்குக்குப் போகுமா? ‘மே’ என்ற சொல்லும் இப்படித்தான். பெரிய எழுத்தில் தொடங்கினால் மாதம், சின்ன எழுத்தில் தொடங்கினால் ‘ஒருவேளை’ என்கிற துணைவினை. ஷிப்மெண்ட் தேதி எழுதுகிற இடத்தில் இந்த இரண்டும் குழம்பலாமா?

சரி, மேனேஜர் சொன்ன ‘ஒரே மூச்சு’ விஷயத்துக்கு வருகிறேன். இது உங்கள் கவனக்குறைவு இல்லை. தமிழில் யோசிக்கிற எல்லோருக்கும் ஆங்கிலத்தில் இது வரும். காரணம் தெரிந்துவிட்டால் பாதி சரியாகிவிடும்.

தமிழில் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. “துணி வந்ததும் செக் பண்ணி, கட்டிங்குக்கு அனுப்பி, சாயங்காலத்துக்குள் உங்களுக்குச் சொல்கிறேன்.” பண்ணி, அனுப்பி என்று போய்க்கொண்டே இருக்கும்போது இன்னும் முடியவில்லை என்று காதுக்குத் தெரிகிறது. ‘சொல்கிறேன்’ வந்ததும் முடிந்துவிட்டது என்றும் தெரிகிறது. புள்ளி வைக்காவிட்டாலும் யாரும் தடுமாற மாட்டார்கள். கேள்வியும் அப்படியே. ‘வந்ததா’ என்பதில் இருக்கும் ‘ஆ’வே கேள்வியைச் சொல்லிவிடும், கேள்விக்குறி கூடுதல் உதவிதான். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல ‘என்று’ இருக்கிறது, பல பொருளை அடுக்க ‘உம்’ இருக்கிறது, யாருடையது என்று காட்ட ‘உடைய’ இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் நம் ஆட்கள் சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், கமா கேள்விக்குறி எதுவும் இல்லாமலே எழுதினார்கள். படிக்கவும் முடிந்தது. இந்தக் குறிகள் ஐரோப்பியரின் அச்சுப் பழக்கத்தோடு இங்கே வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றவர்கள் தங்கள் உரைநடையில் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திய பிறகுதான் நமக்குப் பழகின.

ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பகுதி குறிகளின் தலையில் விழுகிறது. ‘தி ஃபேப்ரிக் ஹேஸ் அரைவ்ட்’ என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்தால் துணி வந்துவிட்டது. அதே சொற்களுக்குப் பின்னால் கேள்விக்குறி வைத்தால் துணி வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. தமிழ் விகுதியில் வைத்திருப்பதை ஆங்கிலம் குறியில் வைத்திருக்கிறது. குறியை விடுவது, தமிழில் ‘வந்ததா’ என்பதற்குப் பதில் ‘வந்த’ என்று எழுதி நிறுத்துவது மாதிரிதான்.

ஆகவே நீங்கள் முதலில் பழக வேண்டியது கமா இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. உங்கள் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: ‘வி ரிசீவ்ட் தி ஃபேப்ரிக், வி செக்ட் இட், தி ஷேட் இஸ் நாட் மேட்சிங், பிளீஸ் கன்ஃபர்ம்’. ‘வந்தது, பார்த்தோம், ஷேட் (நிறச் சாயல்) சேரவில்லை, சொல்லுங்கள்’ என்று தமிழில் அடுக்குவது சரிதான். ஆங்கிலத்தில் இது நான்கு வாக்கியம். ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்துப் பாருங்கள். செய்கிற ஆள் அல்லது பொருள் இருக்கிறதா? காலம் காட்டும் வினை இருக்கிறதா? இரண்டும் இருந்து, துண்டு தனியாக நின்று அர்த்தம் தந்தால் அது முழு வாக்கியம். (‘பிளீஸ் கன்ஃபர்ம்’ என்பதில் ஆள் இல்லையே என்று கேட்பீர்கள். கட்டளையிலும் வேண்டுகோளிலும் ‘நீங்கள்’ மறைந்து நிற்கும், அதனால் அதுவும் முழு வாக்கியமே.) இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர் எழுத்தில் நான் மிக அதிகமாகத் திருத்துவது இந்த ஒன்றைத்தான்.

புள்ளி வைத்துப் பிரித்துவிடலாம். அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரியதாக்கிவிடுங்கள். புள்ளியும் பெரிய எழுத்தும் ஜோடி, ஒன்று வந்தால் மற்றதும் வர வேண்டும். பிரிக்க மனசில்லை, தொடர்பு தெரிய வேண்டும் என்றால் கமாவோடு ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ என்று ஒரு இணைப்புச் சொல்லும் சேர்த்துப் போடுங்கள். ‘வி செக்ட் தி ஃபேப்ரிக், பட் தி ஷேட் இஸ் நாட் மேட்சிங்.’ இது சரி. அரைப்புள்ளி வைத்தும் சேர்க்கலாம். ஆனால் அதைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள், புள்ளி கைக்குப் பழகட்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பட்’ என்றாலும் ‘ஆனால்’, ‘ஹவெவர்’ என்றாலும் ‘ஆனால்’ என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் ‘பட்’ வரும் இடத்தில் ‘ஹவெவர்’ போட்டால் மெயில் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்று மாற்றிவிடுகிறோம். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் இணைப்புச் சொற்கள் இல்லை. அவற்றுக்கு முன்னால் புள்ளி வைத்துப் புது வாக்கியமாகத் தொடங்குங்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு கமா வையுங்கள். ‘வி செக்ட் தி ஃபேப்ரிக். ஹவெவர், தி ஷேட் இஸ் நாட் மேட்சிங்.’

எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. “ஷிப்மெண்ட் தாமதமாகும். ஏனென்றால் சாயப்பட்டறையில் வேலை முடியவில்லை.” தமிழில் இப்படி இரண்டாக எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதி, ‘பிகாஸ்’ என்று தொடங்கும் துண்டைத் தனியே நிறுத்திப் புள்ளி வைத்தால் அது பாதியில் தொங்குகிறது. ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘வென்’, ‘ஆல்தோ’ என்று தொடங்குவது இன்னொரு முழு வாக்கியத்தோடு ஒட்டித்தான் நிற்கும். முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா: ‘இஃப் யூ அப்ரூவ் தி ஷேட் டுடே, வி கேன் ஸ்டார்ட் கட்டிங் டுமாரோ.’ பின்னால் வந்தால் பெரும்பாலும் கமா வேண்டாம்: ‘வி கேன் ஸ்டார்ட் கட்டிங் டுமாரோ இஃப் யூ அப்ரூவ் தி ஷேட் டுடே.’

பெரிய எழுத்தைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. வாக்கியத்தின் முதல் எழுத்து பெரியது. ‘நான்’ என்ற பொருளில் வரும் ஒற்றை எழுத்து ‘ஐ’ எங்கே வந்தாலும் பெரியது, வாக்கியத்தின் நடுவில் வந்தாலும்தான். வாட்ஸ்அப் பழக்கத்தில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பையருக்கு எழுதும்போது விடாதீர்கள். அப்புறம் பெயர்கள். ஒரு ஆளுக்கு, ஒரு ஊருக்கு, ஒரு கம்பெனிக்கு என்று குறிப்பாக வைத்த பெயர் என்றால் பெரிய எழுத்து. அந்த வகை முழுவதற்கும் பொதுவான சொல் என்றால் சின்ன எழுத்து. தமிழ்நாடு என்பதை ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக எழுதுகிறோம், இரண்டுக்கும் பெரிய எழுத்து. ‘மாநிலம்’ என்ற சொல் தனியாக வந்தால் சின்ன எழுத்து.

நம்மவர்கள் சறுக்குவது மொழி, நாட்டினர், கிழமை, மாதம் இவற்றில். தமிழ், ஆங்கிலம், இந்தியர், ஜெர்மானியர், திங்கட்கிழமை, ஜூன் எல்லாமே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் பருவங்களின் பெயர்கள் சின்ன எழுத்து. உங்கள் தொழிலில் இது தினமும் வரும். கோடைக்கான துணி என்று பொதுவாகச் சொல்லும்போது ‘சம்மர்’ சின்ன எழுத்தில் போகட்டும். பையர் தன் கலெக்‌ஷனுக்கு ‘சம்மர்’ என்ற சொல்லும் வருடமும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் அது பெயர், அவர் எழுதுகிற மாதிரியே எழுதுங்கள். பதவிப் பெயரும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘எங்கள் மேனேஜர் நாளை பேசுவார்’ என்று எழுதும்போது மேனேஜருக்குச் சின்ன எழுத்து போதும். மெயிலின் கடைசியில் ஒருவர் பெயருக்குக் கீழே பதவியாக வரும்போது பெரியது.

முக்கியமான சொல் என்று தோன்றினால் அதற்குப் பெரிய எழுத்து போடும் வழக்கம் நம் அலுவலகங்களில் நிறைய இருக்கிறது. ஃபேப்ரிக், குவாலிட்டி, ஷிப்மெண்ட், பேமெண்ட் என்று வாக்கியத்தின் நடுவில் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இப்படி எழுதினார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியில் மக்கள், நீதி, ஒன்றியம் போன்ற பெயர்ச்சொற்களெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். இன்றைய ஆங்கிலம் அதை விட்டுவிட்டது. பையர் ஜெர்மன்காரராக இருந்து அவர் ஆங்கிலத்தில் அப்படி எழுதினாலும் நீங்கள் அதைப் பார்த்து மாற வேண்டாம்.

கடிதம் முடிக்கும் ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ இரண்டிலும் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிய நாளிலிருந்து இரண்டுக்கும் பெரிய எழுத்து போட்டே பழகியிருப்போம், மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் இனிஷியலைப் பற்றி ஒரு வார்த்தை. பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போடுவது நம் வழக்கம். வெளிநாட்டு பையர் அதைப் பார்த்து, அதுதான் உங்கள் சொந்தப் பெயரின் சுருக்கம், பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார். இனிஷியல் பெரிய எழுத்து, அதன் பின் புள்ளி, ஒரு இடைவெளி, பிறகு பெயர். அவர் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது.

இனி கமா. ‘மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு’ என்று எங்காவது கேட்டிருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும், கமா மாறாது. அந்த விதியால் வருகிற பெரிய கோளாறு, நீளமான எழுவாய்க்குப் பின்னால் கமா போடுவது. ‘நேற்று மில்லிலிருந்து வந்த துணி’ என்று சொல்லிவிட்டுத் தமிழில் கொஞ்சம் நிற்போம், பிறகு ‘அளவு குறைவாக இருக்கிறது’ என்போம். ஆங்கிலத்தில் ‘தி ஃபேப்ரிக் ஃப்ரம் தி மில்’ என்று எழுதிவிட்டு அங்கே கமா போட்டால் தவறு. எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா வரக் கூடாது.

கமாவில் உங்கள் வேலைக்கு மிக முக்கியமானது இது. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘தி கார்ட்டன்ஸ் தட் வேர் வெட் வேர் ரிஜெக்டட்.’

‘தி கார்ட்டன்ஸ், விச் வேர் வெட், வேர் ரிஜெக்டட்.’

முதலாவதில் கமா இல்லை. நனைந்திருந்த பெட்டிகளை மட்டும் திருப்பிவிட்டார்கள், நனையாதவை தப்பின. இரண்டாவதில் இரண்டு கமா. பெட்டிகள் எல்லாமே நனைந்துவிட்டன, எல்லாவற்றையும் திருப்பிவிட்டார்கள். ‘நனைந்த பெட்டிகளைத் திருப்பிவிட்டார்கள்’ என்று தமிழில் சொன்னால் சில பெட்டியா எல்லாப் பெட்டியுமா என்பதை முன்னே பின்னே பேசியதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தைக் கமாக்கள் சொல்கின்றன. இன்ஷூரன்ஸ் கோரும் மெயிலில், தள்ளுபடி கேட்கும் மெயிலில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் எத்தனை பெட்டிக்குப் பணம் என்பதே மாறிப்போகும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக் காட்டத் தேவையான சொற்கள் என்றால் கமா இல்லாமல் எழுதுங்கள். எடுத்துவிட்டாலும் எதைச் சொல்கிறோம் என்று புரியும், கூடுதல் தகவல்தான் என்றால் இரண்டு பக்கமும் கமா போடுங்கள். ஒரு பக்கம் போட்டுவிட்டு மறுபக்கம் மறக்கிற ஆட்கள் நிறைய.

அடுத்து, பட்டியல். ‘ரெட், புளூ அண்ட் ஒயிட்’ என்று பையர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். மூன்று தனித்தனி நிறமா, அல்லது ஒன்று சிவப்பும் இன்னொன்று நீலமும் வெள்ளையும் கலந்த கோடு போட்டதுமா? ‘அண்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு கமா இருந்தால் மூன்று நிறம் என்று தெளிவாகிவிடும். இந்தக் கமாவை ஆக்ஸ்ஃபோர்டு கமா என்பார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை, அமெரிக்கப் புத்தகங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். போடலாமா வேண்டாமா என்று ஆங்கிலக்காரர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயம், வியாபார மெயிலில் எப்போதும் போடுங்கள்.

அதற்குக் காரணமும் சொல்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று போய், கடைசியில் ‘அனுப்புவதற்காகப் பேக் செய்தல் அல்லது விநியோகம்’ என்கிற மாதிரி முடிந்தது. ‘அல்லது’ என்பதற்கு முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலை, டிரைவர்கள் செய்வது அதுதான், எனவே ஓவர்டைம் இல்லை என்றது நிறுவனம். இல்லை, அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்கிற ஒரே வேலையைத்தான் சட்டம் சொல்கிறது, நாங்கள் பேக் செய்வதில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்றார்கள் டிரைவர்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி டிரைவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு வருடம் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த மாநிலமும் பிறகு சட்டத்தின் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதியது.

கமா விஷயத்தில் இன்னும் ஒன்றே ஒன்று. அழைக்கிற பெயரை வாக்கியத்திலிருந்து கமாவால் பிரித்துவிடுங்கள். ‘தேங்க் யூ’ என்று சொல்லி ஒருவர் பெயரை எழுதினால் நடுவில் கமா வேண்டும். ‘டியர்’ என்று தொடங்கும் வரியில் மட்டும் டியருக்குப் பின்னால் கமா இல்லை, பெயருக்குப் பின்னால்தான். அமெரிக்கர்கள் முறையான கடிதத்தில் அந்த இடத்தில் முக்காற்புள்ளி போடுவார்கள். அதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

மேற்கோமா, அதாவது அபாஸ்ட்ரஃபி, நம் ‘உடைய’வின் வேலையைச் செய்கிறது. பையர் ஒருவர் என்றால் ‘பையர்’ஸ்’, அந்தச் சின்னக் குறி எஸ் எழுத்துக்கு முன்னால். பையர்கள் பலர் என்றால் குறி எஸ்ஸுக்குப் பின்னால். வெறும் பன்மைக்கு இது கிடையவே கிடையாது. டி-ஷர்ட்கள், கார்ட்டன்கள், சாம்பிள்கள் எதற்கும் வேண்டாம். கடை போர்டுகளில் பன்மைக்கெல்லாம் இந்தக் குறியைப் போட்டு எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து நம் கையும் அப்படியே பழகிவிட்டது. ‘இட்ஸ்’ என்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். குறி இருந்தால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம், குறி இல்லாவிட்டால் ‘அதனுடைய’. சந்தேகம் வந்தால் ‘இட் இஸ்’ என்று விரித்துப் படித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் குறியை எடுத்துவிடுங்கள். பையருக்கான மெயிலில் சுருக்கமே இல்லாமல் ‘இட் இஸ்’ என்று முழுசாக எழுதினால் இந்தச் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

ஆச்சரியக்குறி வியாபார மெயிலில் தேவைப்படாது. வாக்கியத்தின் முடிவில் மூன்று நான்கு புள்ளி வைத்து இழுப்பது நம் வாட்ஸ்அப் பழக்கம். வெளிநாட்டார் அதைப் பார்த்தால் நீங்கள் எதையோ சொல்லாமல் விடுகிறீர்கள் என்று நினைக்கலாம். ஒரே புள்ளி போதும்.

இடைவெளி சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் மெயிலைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அதுதான். புள்ளிக்கும் கமாவுக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் இடம் விடக் கூடாது, பின்னால் ஒரு இடம் விட வேண்டும். முன்னால் இடம் விட்டால் கமா அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளிக்குப் பின்னால் இடம் விடாவிட்டால் ஃபோன் அதை வாக்கிய முடிவாக எடுத்துக்கொள்ளாமல் போகும், அடுத்த எழுத்தும் தானாகப் பெரியதாக மாறாது.

எண்களில் வரும் கமாவையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலுக்கு இது பணம். நாம் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் 100,000 என்று எழுதுவார்கள். பையருக்கான தாளில் அவர்கள் முறையிலேயே எழுதுங்கள். ஜெர்மனியில் கமாவும் புள்ளியும் இடம் மாறிவிடும். அங்கே 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, 1,25 என்றால் ஒன்றேகால். விலையோ எடையோ ஜெர்மனிக்கு எழுதும்போது ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள், தேவைப்பட்டால் எழுத்தாலும் எழுதிவிடுங்கள். தேதியும் அப்படியே. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

இத்தனையையும் ஒரே நாளில் மண்டையில் ஏற்ற முயலாதீர்கள். முதல் இரண்டு வாரம் மெயில் அனுப்பும் முன் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் பாருங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொன்றாகத் தனியே படித்தால் ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு வாக்கியம் பளிச்சென்று தெரியும். மேலிருந்து படித்தால் நீங்கள் சொல்ல நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது. அது கைக்கு வந்ததும் பெரிய எழுத்து, பிறகு கமா. கூடவே ஒரு பயிற்சி. ஆங்கிலத்தை நன்றாக எழுதுகிற பையர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அவருடைய மெயில் ஒன்றை எடுத்து, எல்லாக் குறிகளையும் நீக்கி, எல்லா எழுத்தையும் சின்னதாக்கி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். மறுநாள் நீங்களே குறிகளைப் போட்டுப் பார்த்து, அவர் எழுதிய மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபட்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் ஏன் அப்படிப் போட்டார் என்று யோசியுங்கள். இலக்கணப் புத்தகத்தைவிட இது சீக்கிரம் ஏறும், ஏனென்றால் அதில் இருப்பது உங்கள் தொழிலின் ஆங்கிலம்.

கம்ப்யூட்டர் திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்துங்கள், தவறே இல்லை. விட்டுப்போன பெரிய எழுத்து, இரட்டை இடைவெளி, கமாவால் ஒட்டிய இரண்டு வாக்கியம் இவற்றில் பெரும்பாலானதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நனைந்தது சில பெட்டியா எல்லாப் பெட்டியுமா என்பது அதற்குத் தெரியாது. கோடு போட்ட துணியா தனி நிறமா என்பதும் தெரியாது. இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரிதான் என்பதால் பேசாமல் விட்டுவிடும். அது ஒன்றை மாற்றச் சொன்னால் உடனே அழுத்திவிடாமல், ஏன் சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்தத் திருத்தமே உங்களுக்குப் பாடம். இன்னொன்று, பையரின் பெயரும் விலையும் உள்ள மெயிலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திருத்தும் தளங்களில் ஒட்டுவதற்கு முன் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விவரம் வெளியே போகக் கூடாது.

நீங்கள் சமீபத்தில் அனுப்பிய மெயில்களில் மூன்றை, பெயரையும் விலையையும் அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வாக்கிய முடிவுகளை மட்டும் முதலில் குறித்து அனுப்புகிறேன்.